எழுதுகோல் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்

‘டியூஷன்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாலை வேளையில் கணக்கு நோட்டும் கையுமாக ஓர் ஆசிரியர் வீட்டு வாயிலில் செருப்பைக் கழற்றும் காட்சியே. பிள்ளை கல்லூரி வாசலை மிதித்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது என்றே பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். ஆனால் இன்று முதுகலை படிக்கும் பிள்ளைகளும் தனிப் பயிற்சி தேடி அலைகின்றனர். அவர்களை அலைய வைக்கும் பாடங்கள் மூன்று: உளவியல், புள்ளியியல், ஆய்வேடு எழுதுதல்.

நாங்கள் கணவனும் மனைவியுமாகப் பாளையங்கோட்டையில் வாழ்ந்து வருகிறோம். எங்களுள் ஒருவர் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவர். மற்றவர் உளவியல் கற்பித்தவர். ஓய்வு பெற்றபின் வீட்டின் முன்னறையில் நான்கு நாற்காலிகளையும் ஒரு கரும்பலகையையும் போட்டுக்கொண்டு, நாடி வருவோர்க்குக் கற்பித்து வருகிறோம். ஆசிரியப் பயிற்சியில் முதுகலை படிப்போர், சமூகப்பணி பயில்வோர், செவிலியர் பட்ட மேற்படிப்பில் இருப்போர், உளவியலையே தனிப்பாடமாக எடுத்தோர் எனப் பலரும் வருகின்றனர். படிப்பின் முடிவில் ஆய்வேடு ஒன்றைக் கொடுத்தாக வேண்டும் என்பது இவர்கள் அனைவருக்கும் பொதுவான சுமை. கேள்விகளைத் தயாரித்து, மக்களிடம் விடை பெற்று, எண்களாக்கி, கணக்கிட்டு, அதை ஆங்கிலத்தில் நூறு பக்கம் எழுத வேண்டும். தமிழ் வழியில் படித்து, குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி கண்ட பிள்ளைகளுக்கு இது மலையேறுவது போன்றது.

இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் நாங்கள் தெளிந்த உண்மை ஒன்றுண்டு. கற்பிப்பவன் செய்ய வேண்டிய உதவிக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் உதவியே கேடாகிவிடும். அதனைக் குடும்பத்தார் யாவரும் அறிந்திருப்பது நலம் என்பதால் இவ்வரிகளை எழுதுகிறோம்.

உள்ளத்தை அளப்பது எப்படி?

உளவியல் என்றால் முகத்தைப் பார்த்து மனத்தைச் சொல்லிவிடும் கலை என்ற எண்ணத்தோடுதான் பலர் வருகின்றனர். முதல் நாளிலேயே அந்த எண்ணத்தைக் களைந்துவிடுவது எங்கள் வழக்கம். உளவியல் ஓர் அறிவியல் துறை. 1879-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்பார் இதற்கெனச் சோதனைக்கூடம் ஒன்றை அமைத்தார். நம் நாட்டில் 1916-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கப்பெற்றது. எனவே இதில் யூகத்துக்கு இடமில்லை. பார்த்ததை அளந்து, அளந்ததைச் சொல்ல வேண்டும்.

இதை விளக்க எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மன் அறிஞரின் கதையைச் சொல்வோம். பெரிய கூடமோ துணைக்கு ஆட்களோ இல்லாமல், அவர் தம்மையே சோதனைப் பொருளாக்கிக் கொண்டார். பொருளற்ற அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, சிறிது காலம் சென்றபின் அதே பட்டியலை மீண்டும் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். ஒரு நாள் கழித்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மிச்சமாயிற்று. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோதும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாயிற்று. அதாவது, மறதி முதல் நாளிலேயே பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. பின்னர் அதன் வேகம் தணிந்துவிடுகிறது. 1885-ஆம் ஆண்டில் அவர் இதை நூலாக வெளியிட்டார். 2015-ஆம் ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் அதே முறையில் மீண்டும் செய்து பார்த்தபோதும் பெரிதும் அவ்வாறே விளைந்தது.

தேர்வுக்கு முந்திய இரவு முழுவதும் விழித்துப் படிக்கும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இச்செய்தி பயன்படும். படித்ததை மறுநாளே ஒருமுறை நினைவுபடுத்தி, மூன்று நாள் கழித்து மற்றொரு முறை, வாரம் கழித்து இன்னொரு முறை என்று இடைவெளி விட்டுப் படிப்பதே மனத்தில் நிற்கும். எங்களிடம் வருவோரும் முந்திய நாள் படித்ததைப் புத்தகத்தைத் திறவாமல் சொன்ன பின்னரே புதிய பாடத்துக்குச் செல்ல இயலும்.

உளவியல் கற்பிப்பதில் ஒரு தனி இடர்ப்பாடும் உண்டு. மனச்சோர்வைப் பற்றிய பாடம் நடக்கும்போது, “இதெல்லாம் எனக்கே இருக்கிறதே!” என்று மாணவன் ஒருவன் திடுக்கிடுவான். பெரும்பாலும் அது படிப்பினால் வந்த மயக்கமாகவே இருக்கும். சிலவேளை அது மயக்கமன்று. உண்மைத் துயராகவே இருக்கும். சென்ற சில ஆண்டுகளில் அவ்வாறு இருவரைக் கண்டோம். பாடம் சொல்வோர் மருத்துவம் செய்யப் புகலாகாது. அவர்கள் சொன்னதைப் பொறுமையோடு கேட்டோம். வீட்டாரிடம் பேச அவர்கள் இசைவைப் பெற்றோம். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொன்னோம். நள்ளிரவிலும் பேசுவதற்கு ஆள் வேண்டும் என்போர்க்கு, 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய ‘டெலி மனஸ்’ என்னும் இலவசத் தொலைபேசிச் சேவை உண்டு. அதன் எண் 14416. தமிழிலேயே பேசலாம். இவ்வெண்ணை எங்கள் கரும்பலகையின் மூலையில் அழிக்காமல் எழுதி வைத்திருக்கிறோம்.

எட்டுத் தம்ளர் காப்பி

அடுத்தது புள்ளியியல். இப்பெயரைக் கேட்டாலே பலருக்கு நெஞ்சு படபடக்கிறது. “பத்தாம் வகுப்போடு கணக்குக்கு முழுக்குப் போட்டவள் நான்” என்று கைகூப்பிய மாணவியர் பலர். அவர்களிடம் சூத்திரத்தை நீட்டினால் ஓடிவிடுவார்கள். எனவே வீட்டுப் பேச்சிலிருந்தே தொடங்குகிறோம்.

ஒரு வகுப்பில் ஐவர் பெற்ற மதிப்பெண்கள் 48, 49, 50, 51, 52. மற்றொரு வகுப்பில் ஐவர் பெற்றவை 10, 30, 50, 70, 90. இரண்டிலும் சராசரி 50 தான். ஆனால் இரண்டும் ஒன்றா? முதல் வகுப்பில் யாரையும் தனியாகக் கவனிக்கத் தேவையில்லை. இரண்டாம் வகுப்பிலோ ஒரு பிள்ளை தத்தளிக்கிறது. இன்னொரு பிள்ளைக்குப் பாடம் போதவில்லை. சராசரி மறைத்துவிட்ட இந்த வேறுபாட்டைக் காட்டுவதற்கே திட்டவிலக்கம் என்னும் அளவு இருக்கிறது. முதல் வகுப்புக்கு அது ஏறத்தாழ 1.4, இரண்டாம் வகுப்புக்கு 28.3. இதை விளக்கியதும் மாணவியின் முகத்தில் அச்சம் அகன்று ஆர்வம் பிறப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

அடுத்த படி சற்றுக் கடினமானது. ஒரு வேறுபாடு உண்மையானதா, தற்செயலா என்று எவ்வாறு முடிவு செய்வது? இதற்கு எங்கள் சமையலறையே சோதனைக்கூடம். 1920-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஓர் அம்மையார், தேநீரில் பாலை முதலில் ஊற்றினார்களா பின்னர் ஊற்றினார்களா என்று தம்மால் சுவைத்தே சொல்ல முடியும் என்றாராம். அங்கிருந்த ரொனால்டு ஃபிஷர் என்னும் புள்ளியியல் மேதை அதையே ஒரு சோதனையாக அமைத்தார். 1935-இல் வெளியிட்ட தம் நூலில் அதை விளக்கினார். நாங்கள் தேநீருக்குப் பதில் காப்பியை வைத்துக்கொண்டோம்.

எட்டுத் தம்ளர்களில் காப்பி. நான்கில் பால் முதலில். நான்கில் டிக்காஷன் முதலில். எது எதுவெனச் சொல்லாமல் வரிசை மாற்றி வைத்துவிடுவோம். “என்னால் கண்டுபிடிக்க முடியும்” என்று வீறாப்புப் பேசும் மாணவி சுவைத்து, பால் முதலில் ஊற்றிய நான்கைப் பொறுக்கி எடுக்க வேண்டும். எட்டிலிருந்து நான்கைப் பொறுக்கும் வழிகள் 70. அவற்றுள் முற்றும் சரியானது ஒன்றே. ஆகவே ஒன்றும் தெரியாமல் குருட்டாம்போக்கில் பொறுக்கினால் நான்கும் சரியாக அமையும் வாய்ப்பு எழுபதில் ஒன்று. மூன்றாவது சரியாக அமையும் வாய்ப்போ எழுபதில் பதினேழு; ஏறத்தாழ நான்கில் ஒன்று. ஆகவே மூன்று சரி, ஒன்று தவறு என்று வந்தால் அவளுடைய திறமையை ஒப்புக்கொள்ள அது போதாது.

இங்கே ஒரு கேள்வி எழும். “அப்படியானால் எனக்குத் திறமை இல்லை என்று முடிவாகிவிட்டதா?” இல்லை. உண்டு என்று காட்டப் போதிய சான்று இன்னும் கிடைக்கவில்லை; அவ்வளவே. ‘இல்லை’ என்பதும் ‘நிறுவப்படவில்லை’ என்பதும் ஒன்றல்ல. இந்தப் பாடத்தைப் புரிந்துகொண்டவர்களுக்குப் புள்ளியியலில் பாதி வந்துவிட்டது.

சிறிய மாதிரிகளை ஒப்பிட மாணவர்கள் பயன்படுத்தும் ஒரு சோதனைக்கு ‘ஸ்டூடண்ட் சோதனை’ என்றே பெயர். இதை வகுத்தவர் வில்லியம் காசெட். டப்ளின் நகரின் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர். அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் தம் பெயரில் ஆய்வுகளை வெளியிட இயலாதிருந்தமையால், ‘மாணவர்’ எனப் பொருள்படும் அப்புனைபெயரில் 1908-இல் தம் கட்டுரையை வெளியிட்டார். ‘நம் பெயரிலேயே ஒரு சோதனை இருக்கிறதே!’ என்று பிள்ளைகள் மகிழ்ந்து போவர்.

மஞ்சள் பையில் வந்த பணம்

இனி, உதவியின் எல்லையைப் பற்றிச் சொல்கிறோம். நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஆசிரியப் பயிற்சி முதுகலை படித்த பெண்ணொருத்தி எங்களிடம் வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் அவளுடைய தந்தை வந்தார். சொந்த ஊரில் தையற்கடை வைத்திருப்பவர். மஞ்சள் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். மனைவியின் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துப் பெற்ற பணம் அது.

“சார், என் மகளுக்கு இங்கிலீஷ் எழுத வராது. ராத்திரி எல்லாம் அழுகிறாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு முழுவதையும் எழுதித் தருகிறாராம். முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பதைவிட உங்களிடம் கொடுப்பது மேல் என்று வந்தேன். நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்றார்.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மகள் அழுவதைத் தாங்காத தந்தை அவர். அத்துடன், அவர் சொன்ன கடை உண்மையாகவே இருக்கிறது. ‘ஆய்வேடு தயாரித்துத் தரப்படும்’ என்னும் விளம்பரத்தை எத்தனை ஊர்களின் ஜெராக்ஸ் கடை வாசல்களில் காண்கிறோம்!

“ஐயா, உங்கள் கடையில் தொழில் பழக வரும் பையனுக்கு முதலில் என்ன வேலை கொடுப்பீர்கள்?” என்று கேட்டோம்.

“காஜா எடுக்கச் சொல்வேன். பொத்தான் கட்டச் சொல்வேன்.”

“துணி வெட்டுவது?”

“அதற்கு நாளாகும் சார். முதலில் செய்தித்தாளை வெட்டிப் பழக வேண்டும்.”

“அவனுக்காக எல்லாத் துணியையும் நீங்களே வெட்டித் தைத்து, ‘இவன் தேர்ந்த தையற்காரன்’ என்று ஊருக்குச் சொல்லி அனுப்பினால் என்ன ஆகும்?”

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு மெல்லச் சிரித்து, “முதல் சட்டையிலேயே தெரிந்துவிடும் அம்மா” என்றார். உறையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மகள் நாளை ஒரு பள்ளியில் ஆசிரியை ஆவாள்; அவளிடம் நாற்பது பிள்ளைகள் படிப்பார்கள் என்று நாங்கள் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. “அவளையே எழுத வையுங்கள். எத்தனை நாளானாலும் அனுப்புகிறேன்” என்று சொல்லி விடைபெற்றார்.

தமிழில் சொல், பிறகு எழுது

எழுத வைப்பதற்கு நாங்கள் கையாளும் வழி எளியது. ஆங்கிலத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, “நீ என்ன செய்தாய் என்று உன் தாயாருக்குச் சொல்வது போலத் தமிழில் சொல்லம்மா” என்போம். யாரிடம் கேள்வி கேட்டாள், ஏன் அவர்களைத் தேர்ந்தாள், என்ன கேட்டாள், என்ன விடை வந்தது என்று நான்கு கேள்விகள். வாயால் தெளிவாகச் சொல்ல முடியாத இடத்தில் கருத்தே தெளிவாக இல்லை என்று பொருள். சொன்னதைத் தமிழிலேயே அவள் எழுத வேண்டும். பின்னர் ஒவ்வொரு வாக்கியத்தையும் அகராதியின் துணையோடு சிறு சிறு ஆங்கில வாக்கியங்களாக அவளே மாற்ற வேண்டும். பிழைக்கு அடியில் கோடிடுவதே எங்கள் வேலை. திருத்தம் அவள் கையால் நடக்கும். தந்தையார் வந்து சென்றபின் அப்பெண் இவ்வாறு நாளொன்றுக்கு ஒரு பக்கமாக எழுதத் தொடங்கினாள்.

பிறர் நூலிலிருந்து கருத்தை எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. பத்தியைப் படித்ததும் நூலை மூடிவிட வேண்டும். மனத்தில் நின்றதைத் தன் சொல்லில் எழுத வேண்டும். பிறகு நூலைத் திறந்து கருத்து பிறழவில்லையா எனச் சரிபார்த்து, ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் குறிக்க வேண்டும். திறந்த நூலைப் பார்த்துக்கொண்டே சொற்களை அங்குமிங்கும் மாற்றுவது ஆய்வாகாது. 2018-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கெனவே விதிகளை வெளியிட்டது. அவ்விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதி நூற்றுக்குப் பத்து வரை இருந்தால் தண்டனை இல்லை. நாற்பதுக்கு மேல் அறுபது வரை சென்றால் ஆய்வேட்டைத் திருத்திக் கொடுப்பதற்கே ஓராண்டுத் தடை. அறுபதைத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். அச்சுறுத்துவதற்காக இதை நாங்கள் சொல்வதில்லை. தெரியாமல் போய் ஓராண்டை இழந்துவிடக் கூடாதே என்று சொல்கிறோம்.

ஒரே ஒரு சொல்லும் எவ்வளவு பெரிய மாறுதலைச் செய்யும் என்பதற்கு உளவியலிலேயே சான்று உண்டு. 1974-ஆம் ஆண்டில் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் சென்றன என்று வினவினர். ‘மோதி நொறுங்கியபோது’ என்ற சொல்லைக் கேள்வியில் கேட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.5 மைல் என்றனர். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றனர். படங்கள் அவையே, மாறியது ஒரு சொல்லே. வினாப்பட்டியல் தயாரிப்போர்க்கு மட்டுமன்று, பிள்ளைகளை விசாரிக்கும் பெற்றோர்க்கும் இது பயனுள்ள பாடமே. “ஏன் மதிப்பெண் குறைந்தது?” என்று கேட்பதற்கும் “ஏன் கோட்டை விட்டாய்?” என்று கேட்பதற்கும் கிடைக்கும் விடைகள் வேறாகவே இருக்கும்.

இரண்டு மூன்று எண்கள்தானே!

அப்பெண்ணின் ஆய்வு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் தேர்வு அச்சத்தைப் பற்றியது. முப்பது பேருக்கு நான்கு வாரம் மூச்சுப் பயிற்சி கொடுத்தாள். வேறு முப்பது பேருக்குக் கொடுக்கவில்லை. முன்னும் பின்னும் அவர்களுடைய அச்சத்தை வினாப்பட்டியலால் அளந்தாள். பயிற்சி பெற்றவர்களின் அச்சம் மிகுதியாகக் குறையும் என்பது அவளுடைய கருதுகோள். கணக்கிட்டுப் பார்த்தபோது இரு குழுவிலும் அச்சம் குறைந்திருந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் சற்றே கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆனால் அந்த வேறுபாடு தற்செயலாகவே வந்திருக்கக் கூடிய அளவு சிறியது. கருதுகோள் நிறுவப்படவில்லை.

அவள் முகம் வெளிறிவிட்டது. நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள், “அம்மா, இரண்டு மூன்று பிள்ளைகளின் எண்ணை மட்டும் மாற்றினால் சரியாக வந்துவிடும். யாருக்குத் தெரியப் போகிறது?” என்றாள்.

அவள் பொய் பேசும் பெண்ணல்லள். முடிவு தவறினால் ஆண்டு வீணாகும், அப்பாவின் கடன் ஏறும் என்ற அச்சமே அவளை அவ்வாறு பேச வைத்தது. “நீ காப்பி குடித்தது நினைவிருக்கிறதா?” என்று கேட்டோம். அவளும் அன்று நான்கில் மூன்றைச் சரியாகச் சொன்னவள்தான். “அன்று நான்காவது தம்ளரை யாரும் பாராமல் மாற்றி வைத்திருந்தால் உனக்குச் சுவைக்கும் திறமை வந்துவிட்டிருக்குமா?” அவள் இல்லையென்று தலையசைத்தாள். பிறகு அறுபது பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். உண்மையென்று நம்பி அவர்கள் விடை எழுதினார்கள். நாளை ஓர் ஆசிரியர் இவள் ஆய்வேட்டைப் படித்து, தம் பள்ளியில் வேறு நல்ல முயற்சியை விட்டுவிட்டு இந்தப் பயிற்சியைத் தொடங்கலாம். மாற்றிய எண் தாளோடு நின்றுவிடாது. ஒரு வகுப்பறை வரையில் போகும்.

இது சிற்றூர் மாணவியருக்கு மட்டும் நேரும் சோதனையன்று. நெதர்லாந்தில் டீடெரிக் ஸ்டாபல் என்னும் பெயர்பெற்ற உளவியல் பேராசிரியர் இல்லாத விவரங்களைப் புனைந்து ஆய்வு எழுதியது 2011-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவருடைய கட்டுரைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை திரும்பப் பெறப்பட்டன. 2015-ஆம் ஆண்டில் உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் ஒன்றுகூடி, உளவியல் இதழ்களில் வந்த நூறு ஆய்வுகளை மறுபடியும் செய்து பார்த்த முடிவுகளை வெளியிட்டனர். முதலில் அவற்றுள் 97 ஆய்வுகள் ‘வேறுபாடு உண்டு’ என்று சொன்னவை. மீண்டும் செய்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அவ்வாறு சொன்னது. மற்றவையெல்லாம் புரட்டு என்பதன்று. ‘உண்டு’ என்ற முடிவையே இதழ்கள் விரும்பி வெளியிட்டதும், சிறிய மாதிரிகளை நம்பியதும் முக்கியக் காரணங்கள். ‘நிறுவப்படவில்லை’ என்று நேர்மையாக எழுதும் ஆய்வேடுகளுக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

ஆய்வேட்டை மதிப்பிடுவோர் முடிவு இனிப்பா கசப்பா என்று பார்ப்பதில்லை. முறை சரியா என்றே பார்க்க வேண்டியவர்கள் என்று அவளுக்கு எடுத்துரைத்தோம். பிறகு மூன்று மாலைகள் அவள் தன் குறிப்பேட்டோடு உட்கார்ந்தாள். ஏன் இப்படி வந்தது என்று தேடுவதுதானே இனி அவள் வேலை! மூன்றாம் நாள் அவளே கண்டுபிடித்தாள். இரண்டாம் முறை அச்சத்தை அளந்த வாரத்தில் அப்பள்ளியில் ஆண்டு விழா. தேர்வு நினைவே இல்லாமல் எல்லாப் பிள்ளைகளும் ஆடல் பாடல் ஒத்திகையில் இருந்தனர். இரு குழுவிலும் அச்சம் குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்! அதை ஒரு குறையாக எழுதினாள். அடுத்து ஆய்வோர் தேர்வுக்கு முந்திய வாரத்தில் அளக்க வேண்டும் என்ற பரிந்துரையையும் எழுதினாள். அந்தப் பகுதிக்கு நாங்கள் ஒரு சொல்லும் கொடுக்கவில்லை.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர், “உங்கள் கருதுகோள் நிறுவப்படவில்லையே, பின் இந்த ஆய்வால் என்ன பயன்?” என்று கேட்டிருக்கிறார். அப்பெண் பத்து நிமிடம் விடை சொல்லியிருக்கிறாள். ஆங்கிலம் தடுமாறிய இடத்தில் தமிழில் சொல்லித் தொடர்ந்திருக்கிறாள். அவள் முதலிடம் பெறவில்லை; தேர்ச்சி பெற்றாள். இன்று ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். எண்ணை மாற்றியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திராது. ஆனால் தன் ஆய்வைத் தானே நின்று காக்கும் வலிமையும் அவளுக்கு வந்திராது.

இயந்திரம் எழுதித் தருமே!

இப்போது பஸ் நிலையத்துக் கடைக்கும் வேலை குறைந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதித் தரும் கணினி நிரல்கள் பெருகிவிட்டன. எங்களிடம் வரும் பிள்ளைகளின் செல்பேசியிலும் அவை உள்ளன. அவற்றைத் தொடாதே என்று நாங்கள் சொல்வதில்லை. புரியாத ஒரு கருத்தை மூன்று விதமாக விளக்கச் சொல்லிக் கேட்கலாம். தான் எழுதிய வாக்கியத்தில் இலக்கணப் பிழை உண்டா என்று வினவலாம். ஆனால் இல்லாத நூலுக்கும் கட்டுரைக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் சேர்த்து மேற்கோள் காட்டிவிடும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. அண்மையில் ஒரு மாணவன் கொண்டுவந்த பட்டியலில் இருந்த கட்டுரைகளை அவனையே தேடச் சொன்னோம். ஒரு மாலை முழுவதும் தேடியும் நான்கு கட்டுரைகள் அகப்படவில்லை. அவை உலகில் இல்லவே இல்லை! அவனே அவற்றை அடித்துவிட்டு நூலகத்துக்குச் சென்றான்.

கடைக்காரரானாலும் இயந்திரமானாலும் எங்கள் அளவுகோல் ஒன்றே. விளக்கினால் அது உதவி. அவனுக்குப் பதிலாக எழுதினால் அது அவனுடைய கல்வியைப் பறிப்பது. அதே அளவுகோலால் எங்களையும் அளந்துகொள்கிறோம். இரவு நேரமாகிவிடும், நாளை கடைசி நாளாக இருக்கும், ஒரு பத்தியை நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் எந்த ஆசிரியருக்கும் எழும். அவ்வேளையில் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, இன்னொரு முறை விளக்கத் தொடங்குவோம்.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

உங்கள் மகனோ மகளோ ஆய்வேடு எழுதும் நிலையில் இருந்தால், நீங்கள் அப்பாடத்தைப் படித்திராவிட்டாலும் உதவ முடியும். இரவு உணவின்போது, “இன்று என்ன செய்தாய், எனக்கும் சொல்” என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி தமிழில் சொல்ல முயல்வதே அவர்களுக்குச் சிறந்த பயிற்சி. உங்களுக்குப் புரியாவிட்டால், புரியவில்லை என்று கூச்சமின்றிச் சொல்லுங்கள். மீண்டும் விளக்கும்போது அவர்களே தெளிவடைவார்கள்.

எழுதித் தருவோரைத் தேடிப் பணம் கொடுக்காதீர்கள். அப்பணத்துக்கு ஒரு நல்ல அகராதியும், வேண்டிய நூல்களும், நூலகத்துக்குச் சென்றுவரப் பேருந்துச் செலவும் கொடுக்கலாம். பிள்ளையின் கணக்கில் எதிர்பார்த்த முடிவு வராவிட்டால், “வீணாய்ப் போயிற்றே” என்று சொல்லாதீர்கள். ‘வந்தது இதுதான்’ என்று எழுதத் துணியும் பிள்ளைக்கு அவ்வேளையில் வீட்டாரின் ஆதரவைவிடப் பெரிய துணை இல்லை.

நாளை இவர்கள்தாம் நம் பேரப்பிள்ளைகளின் ஆசிரியர்களாக வகுப்பில் நிற்பார்கள். செவிலியர்களாக நம் படுக்கையருகே வந்து மருந்தின் அளவைப் படிப்பார்கள். சமூகப் பணியாளர்களாக நம் தெருவுக்கு வந்து கணக்கெடுப்பார்கள். அன்று அவர்கள் சொல்லும் எண்ணை நாம் நம்ப வேண்டும். ஆதலால் இன்று அவர்கள் எவ்வளவு தடுமாறினாலும், எழுதுகோல் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.